குத்தகைக்கு ஒரு எண்

உங்கள் செல்போனுக்கு உங்களைப் பற்றி நிறையத் தெரியும். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், முதல் குட்மார்னிங் யாருக்குப் போனது, போன வாரம் நெய் ரோஸ்ட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எல்லாம். ஆனால் ஒரு புது இடத்துக்குப் போய் நீங்கள் வைஃபை பாஸ்வேர்டைத் தட்டியதும், ஓரிரு விநாடிக்கு அதற்குத் தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எந்தத் தெருவில் நிற்கிறோம், கதவு எண் என்ன, வெளியே போக வாசல் எந்தப் பக்கம், எதுவும். 'நான் யார்?' என்று கேட்டுக்கொண்டேதான் அது இண்டர்நெட்டுக்குள் நுழைகிறது. திருவண்ணாமலையில் இந்தக் கேள்வியோடு வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. வைஃபையில் அரை விநாடியில் பதில் வந்துவிடும்.

பதில் எங்கிருந்து வருகிறது, யார் சொல்கிறார்கள், அதை நம்பலாமா என்பதுதான் இந்த வாரம். கொஞ்சம் டெக்னிகல். பயப்பட வேண்டாம், மொத்தம் நாலே நாலு எண்கள்.

முதலாவது ஐ.பி. அட்ரஸ். கதவு எண் மாதிரி. 192.168.1.37 என்பதுபோல் நடுவில் புள்ளி வைத்து இருக்கும். இரண்டாவது மாஸ்க். 255.255.255.0 என்று இருந்தால், முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகிறவர்கள் எல்லாரும் நம்ம தெரு, மற்றவர்கள் வெளியூர் என்று அர்த்தம். மூன்றாவது கேட்வே. வெளியூர்த் தபாலை எந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்கிற எண். உங்கள் வீட்டில் அது டி.வி.க்குப் பின்னால் தூசி படிந்து கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டி. நாலாவது டி.என்.எஸ். பேரைச் சொன்னால் நம்பரைச் சொல்லும் டைரக்டரி என்கொயரி. நீங்கள் பாங்க் பேரை எழுத்தில் அடிக்கிறீர்கள். நெட்வொர்க்குக்கு எழுத்து புரியாது, எண்தான் வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் இடம் இது. இந்த நாலாவது எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வில்லனாக வரப்போகிறது.

இந்த நாலையும் ஒரு காலத்தில் கையால் அடித்தோம். 2000-ஐ ஒட்டின வருஷங்களில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்ததே, அங்கே கல்லாவில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். ஒன்றாம் நம்பர் மெஷினுக்கு இது, இரண்டாம் நம்பருக்கு இது என்று பால் கணக்கு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். ஒரு மெஷின் படுத்து, அதற்கு மறுபடி விண்டோஸ் போட்டால், நோட்டைப் பார்த்து நாலு கட்டத்தையும் நிரப்ப வேண்டும். ஒரே எண்ணை இரண்டு மெஷினுக்குக் கொடுத்துவிட்டால் திரையில் 'அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்' என்று ஒரு பெட்டி எகிறும். ஒரே ஸீட் நம்பரில் இரண்டு பேருக்கு ரிசர்வேஷன் கொடுத்த கதை. டி.டி.ஆர். யாரும் வரமாட்டார்.

பத்து மெஷினுக்கு நோட்டு போதும். வாசலில் வந்து நிற்கிறவன் யார், எந்த நாட்டுக்காரன், எத்தனை நாள் இருப்பான் என்றே தெரியாத இடத்தில் என்ன செய்வது?

அப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழ்நாட்டில் குயிலாப்பாளையத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. புதுச்சேரியிலிருந்து ஈ.ஸி.ஆரில் வடக்கே வந்து, பெரிய முதலியார்சாவடியில் இடது பக்கம் திரும்பினால் ஆரோவில் போகும் ரோடு. அந்த ரோட்டில் வருகிற முதல் பெரிய ஊர். செம்மண், முந்திரி. அப்புறம் வாடகை ஸ்கூட்டர், கெஸ்ட் ஹவுஸ், ரொட்டிக்கடை, தையல்கடை, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நோட்டீஸ், அதன் மேலேயே யோகா வகுப்பு நோட்டீஸ். பக்கத்து ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாட்டு மண்ணை ஒரு தாழியில் போட்டுத் தொடங்கப்பட்டது. இன்றைக்கும் அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வசிக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள், சும்மா பார்க்க வருகிறவர்கள், சென்னையிலிருந்து வாரக் கடைசிக்கு வரும் ஐ.டி. பிள்ளைகள் எல்லாரும் ஒரு காபிக்காகக் குயிலாப்பாளையத்தில் நிற்கிறார்கள். கடையில் ஒரு சிலேட்டில் அன்றைய கேக்கின் பேரும், அதன் கீழே வைஃபை பாஸ்வேர்டும் எழுதியிருக்கிறது. காபி வருவதற்குள் பாஸ்வேர்டு போட்டாகிறது. ஃபிரான்ஸில் வாங்கின லேப்டாப், கொரியாவில் செய்த போன், ரிச்சி தெருவில் செகண்ட் ஹாண்டில் வாங்கின டாப்லெட், எதற்கும் யாரும் நாலு கட்டம் நிரப்பவில்லை. கடைக்காரருக்கு அப்படி நாலு கட்டம் இருப்பதே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நடப்பது இதுதான். போன் முதலில் ஒரு கூச்சல் போடும். கூப்பிடுகிறவரின் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0, அதாவது 'எனக்கு விலாசம் இல்லை'. யாருக்கு என்கிற இடத்தில் 255.255.255.255, அதாவது 'காதில் விழுகிற எல்லாருக்கும்'. அந்தக் கூச்சலையும் அதற்கு வரும் பதிலையும் நம்ம பாஷையில் எழுதினால்:

"சார், இங்க யாராவது ரூம் குடுக்கறீங்களா?"

"குடுப்போம். முப்பத்தேழு காலியா இருக்கு. ஒரு நாளைக்கு. வேணுமா?"

"சரிங்க, முப்பத்தேழே எழுதிக்குங்க."

"எழுதியாச்சு. வாசல் அந்தப் பக்கம். டைரக்டரி வேணும்னா இன்னாரைக் கேளுங்க."

நாலே வரி. மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அதையும் போன் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொல்லும். ஏனென்றால் 'ரூம் இருக்கு' என்று இன்னொரு மானேஜரும் சொல்லியிருக்கலாம். அவர் காதிலும் விழுந்தால்தான், தன் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டுவார். ரொம்பப் பண்பான ஏற்பாடு. இதற்குப் பேர் டி.எச்.சி.பி. கடையின் மோடம் பெட்டிக்குள்ளேயே அந்த மானேஜர் உட்கார்ந்திருக்கிறார்.

விலாசமே இல்லாதவனுக்கு எப்படிப் பதில் அனுப்புவது என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒவ்வொரு நெட்வொர்க் சில்லுக்கும் ஃபாக்டரியிலேயே ஓர் எண் பொறித்திருக்கிறார்கள், மேக் அட்ரஸ் என்று பேர். பிறந்த உடம்பில் மச்சம் மாதிரி. விலாசம் இல்லாவிட்டாலும் மச்சத்தைச் சொல்லிக் கூப்பிடலாம். (இப்போது வரும் போன்கள் அந்த மச்சத்தையும் இடத்துக்கு இடம் மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. யாரும் பின்தொடரக்கூடாதாம். நல்லதுதான்.)

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், டிஸ்க் வைக்க வசதியில்லாத மலிவு கம்ப்யூட்டர்களைச் செய்தார்கள். டிஸ்க் இல்லையென்றால் தன் விலாசத்தை எங்கே எழுதி வைத்துக்கொள்ளும்? ஸ்விட்ச் போட்டவுடன் யாரையாவது கேட்டாக வேண்டும். 1984-ல் ஸ்டான்ஃபோர்டில் இதற்கு ஒரு வழி எழுதினார்கள். அதில் கதவு எண் மட்டும்தான் கிடைக்கும், வாசல் தெரியாது. அடுத்த வருஷமே, 1985 செப்டம்பரில், பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் இன்னும் விவரமாக 'பூட்பி' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். (இந்த கில்மோர்தான் பின்னால் கம்ப்யூட்டர் உலகில் தனிமனித அந்தரங்கத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகும் ஓர் அமைப்பைச் சேர்ந்து தொடங்கினவர்.) பூட்பியில் நாலு எண்ணும் கிடைத்தது, ஆனால் அடிப்படை அதே பால் கணக்கு நோட்டு. இந்த மச்சத்துக்கு இந்த எண் என்று ஒருத்தர் முன்னாலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். புது ஆள் வந்தால் பட்டினி.

1993-ல் முதல் வடிவம் வந்து, 1997 மார்ச்சில் இன்றைய வடிவத்துக்கு வந்த டி.எச்.சி.பி.யில்தான் அந்தக் கடைசித் துருப்பு விழுந்தது. எழுதியவர் ரால்ஃப் டிராம்ஸ், அமெரிக்காவில் பக்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். எண்ணைச் சொந்தமாகக் கொடுக்காதே, குத்தகைக்குக் கொடு. ஆங்கிலத்திலும் அந்தச் சொல்தான், லீஸ்.

குத்தகை என்றால் என்ன என்று குயிலாப்பாளையத்துக்காரருக்குச் சொல்லித் தர வேண்டாம். அங்கிருந்து வடக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மரக்காணம், ரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாய் உப்பு அம்பாரங்கள். வெயில் காலத்தில் பாத்தி கட்டி உப்பு வாரலாம். மழை பிடித்ததென்றால் எல்லாம் தண்ணீர். தரை ஒருத்தருடையது, கெடு வரைக்கும் அனுபவம் இன்னொருத்தருடையது. கெடு முடிவதற்குள் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாத்தி வேறு கைக்குப் போகும். டி.எச்.சி.பி. இதே கணக்கு. ஒரு நாள் குத்தகை என்றால், பாதியில், அதாவது 12 மணி நேரத்தில், உங்கள் போன் மானேஜரிடம் போய் 'இன்னும் இருக்கேன், நீட்டிடுங்க' என்று கேட்கும். பதில் இல்லாவிட்டால், எட்டில் ஏழு பங்கு நேரம் ஆனதும், 21-வது மணியில், யாராயிருந்தாலும் பரவாயில்லை என்று மறுபடி கூச்சல் போடும். கெடுவும் தாண்டிவிட்டால் மரியாதையாக எண்ணைக் கீழே வைத்துவிடும். இதெல்லாம் நீங்கள் அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருக்கையில்.

கெடுவை எவ்வளவு வைப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடையின் பெட்டியில் 100 எண்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், கெடு ஒரு நாள். காலையிலிருந்து 60 பேர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப். கணக்கு உதைக்கிறது. காபி குடித்துவிட்டு ஸ்கூட்டரில் மாத்ரிமந்திர் பார்க்கப் போனவர், தன் எண்ணை நாளைக் காலை வரை பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வருகிறவருக்கு பாஸ்வேர்டு சரி, சிக்னல் நாலு கோடு, ஆனால் போன் 'ஐ.பி. அட்ரஸ் பெறுகிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பாக இருந்தால் பார்த்துப் பார்த்துச் சலித்து, தனக்குத்தானே 169.254 என்று ஆரம்பிக்கிற ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும். பக்கத்து மேஜையில் இதேபோல் அநாதையாக இருக்கிற இன்னொரு லேப்டாப்போடு பேசலாம், அதற்கு மேல் உதவாது. கடைக்காரர் 'நெட் ஸ்லோ' என்று கம்பெனிக்கு போன் போடுவார். கம்பெனிக்காரர் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பார். பண்ணினால் சரியாகிவிடும். பல பெட்டிகளில் குத்தகைப் பட்டியல் தாற்காலிக நினைவில் இருப்பதால் கரண்ட்டோடு போய்விடுகிறது. ஆகவே எண் காலி. அந்தப் பிரசித்தி பெற்ற வைத்தியத்தின் பாதி ரகசியம் இதுதான். கெடுவை ஒரு மணி என்று மாற்றி வைத்தால் வைத்தியமே வேண்டாம்.

சரி, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சமர்த்துப் பிள்ளை கதை. இனி அந்த முதல் கூச்சலுக்கு வருவோம்.

'யாராவது இருக்கீங்களா' என்று கேட்டு, முதலில் பதில் சொன்னவரை நம்புவது. கேட்கிற பிள்ளைக்கு எதிரில் இருப்பவர் நிஜ மானேஜரா என்று பார்க்க வழியே இல்லை. அடையாள அட்டை கேட்பதில்லை. 1997-ல் எழுதின அந்த ஆவணத்திலேயே, பாதுகாப்பு பற்றின பகுதியில், இது பத்திரமான ஏற்பாடு இல்லை என்று ஒளிக்காமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 2001-ல் அடையாளம் சரிபார்க்க ஒரு முறையும் எழுதினார்கள். அதை அநேகமாக யாரும் பயன்படுத்தவில்லை. பெரிய கம்பெனிகளின் ஸ்விட்சுகளில், எந்தத் துளையிலிருந்து மானேஜர் குரல் வரலாம் என்று காவல் வைக்கும் வசதி உண்டு. காபிக்கடையில் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

இங்கே பக்கத்து ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சுற்றுவட்டார கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூர்தான் நடுமையம். அங்கிருந்து ரேடியோ அலை மூலம் கிராமத்துக் கம்ப்யூட்டர்களுக்குத் தகவல் போகும். வீராம்பட்டினத்துக்கு எது வேண்டும்? அலை எவ்வளவு உயரம் என்பதுதான். அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் கொடுத்த அலைக் கணிப்பை எடுத்து, தமிழில் லவுட்ஸ்பீக்கரில் சொன்னார்கள். இதுவும் 255.255.255.255-தான், காதில் விழுகிற எல்லாருக்கும். கட்டுமரத்தைத் தள்ளலாமா வேண்டாமா என்கிற தீர்மானம் அந்தக் குரலைக் கேட்டு நடந்தது. 2004 டிசம்பர் 26 காலை, நல்லவாடு கிராமத்துக்கு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையனிடமிருந்து போன் வந்தது, கடல் வருகிறது, ஓடுங்கள் என்று. தகவல் மையத்தின் கதவை உடைத்து, லவுட்ஸ்பீக்கரைப் போட்டு ஊரையே வெளியேற்றினார்கள். ஜனம் பிழைத்தது.

அந்த லவுட்ஸ்பீக்கரை ஊர் ஏன் நம்பியது? குரல் யாருடையது என்று தெரியும். அண்ணன் மகனோ, எதிர்வீட்டுப் பெண்ணோ. உங்கள் போனுக்கு அந்த வசதி இல்லை. காபிக்கடையில் மூலை மேஜையில் ஒருவன் லேப்டாப்பில் ஒரு மானேஜரை வைத்துக்கொண்டு, நிஜப் பெட்டியை விட ஒரு கணம் முந்திப் பதில் சொன்னால் போதும். கதவு எண் ஒழுங்காகவே கொடுப்பான். நாலாவது எண்ணில்தான் விஷயம். டைரக்டரிக்கு என்னைக் கேள் என்பான். அதன் பிறகு நீங்கள் பாங்க் பேரை அடித்தால், எந்த வீட்டைக் காட்டுவது என்பது அவன் இஷ்டம்.

கற்பனை இல்லை. 2007-லிருந்து 2011 வரை எஸ்டோனியா நாட்டுக் கும்பல் ஒன்று கம்ப்யூட்டர்களின் டி.என்.எஸ். எண்ணை மட்டும் மாற்றிவிடும் வைரஸைப் பரப்பிற்று. அதில் சில வகை, பாதிக்கப்பட்ட மெஷினையே போலி டி.எச்.சி.பி. மானேஜராக்கி, பக்கத்து மெஷின்களுக்கும் தப்பு டைரக்டரியைச் சிபாரிசு செய்தன. சுமார் 100 நாடுகளில் 40 லட்சம் கம்ப்யூட்டர். விளம்பரங்களை மாற்றிக் காட்டியே கோடிக்கணக்கில் பணம் பண்ணினார்கள். 2011 நவம்பரில் எஃப்.பி.ஐ. பிடித்தபோது ஒரு தர்மசங்கடம். அந்தத் திருட்டு டைரக்டரியை மூடினால் அதையே நம்பியிருக்கும் லட்சக்கணக்கான மெஷின்களுக்கு இண்டர்நெட்டே போய்விடும். ஆகவே கோர்ட் அனுமதியோடு, திருடன் கடையிலேயே நல்ல ஆட்களை உட்கார வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்தினார்கள்.

பாங்க் பேருக்கு முன்னால் பூட்டுப் படம் வருகிறதே, அது இந்த இடத்தில் காப்பாற்றும். வீடு மாற்றிக் காட்டினாலும், அந்த வீட்டுக்காரரிடம் பாங்கின் சான்றிதழ் இருக்காது; பிரவுசர் சிவப்பாகக் கத்தும். கத்தும்போது 'பரவாயில்லை, தொடரவும்' என்று அமுக்குகிறவர்களுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வி.பி.என். போட்டிருக்கிறேன், எனக்குக் கவலையில்லை என்கிறவர்களுக்கும் 2024 மே மாதம் ஒரு செய்தி வந்தது. டி.எச்.சி.பி.யில் 2002-லிருந்தே இருக்கிற ஒரு வசதி, 121-ம் நம்பர் ஆப்ஷன், 'இந்தத் தபாலை இந்த வழியாக அனுப்பு' என்று சொல்ல உதவுவது. அதை வைத்து வி.பி.என். சுரங்கத்துக்கு வெளியே தபாலைத் திருப்பலாம் என்று ஓர் ஆராய்ச்சிக் குழு காட்டியது. ஆண்ட்ராய்டு மட்டும் தப்பித்தது. காரணம், அந்த வசதியை அது சேர்த்துக்கொள்ளவே இல்லை. சோம்பேறித்தனத்துக்கும் சில சமயம் பலன் உண்டு.

ஆனால் குத்தகையின் நிஜமான அபாயம் திருடனிடத்தில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது என்பது என் கட்சி.

2007 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு ஐ.டி. இளைஞரை புனே போலீஸ் வந்து கைது செய்தது. ஆர்குட்டில் சத்ரபதி சிவாஜியை அவமதிக்கும் படம் போட்டார் என்று குற்றச்சாட்டு. ஆதாரம் ஓர் ஐ.பி. எண். இந்த எண், இந்த நேரத்தில், யாரிடம் இருந்தது என்று போலீஸ் இண்டர்நெட் கம்பெனியைக் கேட்டது. கம்பெனி இவர் பேரையும் விலாசத்தையும் கொடுத்தது. எரவாடா சிறையில் 50 நாள் இருந்தார். அப்புறம்தான், கம்பெனி கொடுத்த விவரமே தப்பு, எண் வேறு ஆளுடையது என்று வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். குத்தகை எண் என்பது ஆதார் எண் மாதிரி உங்களோடு ஒட்டினது இல்லை. நேற்று நாலு மணிக்கு உங்களிடம் இருந்தது, ஐந்து மணிக்கு வேறு யாரிடமோ. ஆகவே வெறும் எண் ஒன்றையும் நிரூபிக்காது. எண்ணும் நேரமும் சேர்ந்தால்தான் ஆள். அதில் நேரத்தை ஒரு மணி தப்பாகப் படித்தால், காலையா மாலையா, நம்ம நேரமா லண்டன் நேரமா என்று குழம்பினால், ஆளே மாறிவிடுகிறார். போலீஸ் வந்து நிற்கிற வீடும் மாறிவிடுகிறது.

அரசாங்கத்துக்கு இது புரியாமல் இல்லை. 2011 ஏப்ரலில் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதி போட்டது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார், எந்த மெஷினில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று எழுது, பதிவுகளை ஒரு வருஷம் வைத்திரு. தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது என்றுகூட அதில் உண்டு; யார் அளந்து பார்த்தார்களோ. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, கம்பெனிகள் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லா மெஷினின் கடிகாரமும் அரசாங்கக் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்தக் கடிகார விஷயத்தைப் படித்துப் பலர் சிரித்தார்கள். எரவாடாவில் 50 நாள் இருந்தவர் சிரித்திருக்க மாட்டார்.

இதற்குள் சிக்கல் இன்னொரு சுற்று இறுகிவிட்டது. புள்ளி வைத்த பழைய எண்கள் மொத்தம் 429 கோடிதான். உலக இருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் செல்போன் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ஒரே கதவு எண்ணில் முழு காலனி. இப்போது எண்ணும் நேரமும் மட்டும் போதாது, எந்த ஜன்னல் என்கிற போர்ட் எண்ணும் வேண்டும். ஐ.பி. ஆறாம் பதிப்பு என்கிற புது முறையில் எண்ணுக்குப் பஞ்சமில்லை. அங்கே ரூட்டர் 'இதுதான் தெரு' என்று மட்டும் அறிவிக்கும், கதவு எண்ணை மெஷினே கட்டிக்கொள்ளும். 2016-ல் ஜியோ வந்தபின் இதில் இந்தியா விறுவிறுவென்று முன்னால் போய்விட்டது. பாதிக்கு மேற்பட்ட நம் போக்குவரத்து இப்போது அந்த வழியாகத்தான். ஆனால் காபிக்கடைப் பெட்டிக்குள் இன்னும் 192.168-தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெட்டி மலிவானது. அந்த விலைக்கு, கைக்கடிகாரத்தில் இருக்கிற பாட்டரிகூட அநேகமாக உள்ளே இருக்காது. ஈ.ஸி.ஆர். ஓரத்தில் காற்று மழை என்றால் கரண்ட் போய்ப் போய் வரும். திரும்பி வந்ததும் பெட்டி கண் விழித்து, யாராவது நேரம் சொல்லும்வரை 1970 ஜனவரி 1, நள்ளிரவு என்று நினைத்துக்கொள்ளும். பல பெட்டிகளில் அப்படித்தான். இதற்குள் எட்டு பேர் பாஸ்வேர்டு தட்டியிருப்பார்கள், எட்டு எண் கொடுத்து, எட்டு வரி எழுதியாகியிருக்கும். நீங்கள் மூன்றாவது வரியில் இருக்கிறீர்கள். 1970, ஜனவரி 1, 00:00:41, எண் 192.168.1.37.